அன்னாசிக்கு இடம் கொடுத்த பாட்டில்கள்

1

பனியைப் பற்றி எதையோ படித்ததில் பிறந்தது இந்தக் கதை. துருவத்துப் பனியில் கிடக்கும் நைட்ரேட்டை வெயில் உடைக்கிறதாம். உடைந்ததில் ஒரு பங்கு வாயுவாகிக் காற்றோடு போய்விடுமாம். நான் இருப்பதோ மலேசியாவின் ஜொகூரில். இங்கே பனி என்றால் ஐஸைச் சீவிச் சர்பத் ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்தான். கட்டுரையை மூடப்போனேன். தண்ணீரிலும் வெயில் இதே வேலையைச் செய்யும், நைட்ரேட்டில் கொஞ்சத்தை நைட்ரைட்டாக்கிவிடும் என்றது அடுத்த பத்தி. அந்தப் பத்தியில் வந்து மாட்டிக்கொண்டவள் யோகேஸ்வரி.

2

அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸின் பொன்வெயிலில் தகதகவென்று

(வேண்டாம். இந்த வெயிலை அழகுபடுத்த எனக்கு மனமில்லை.)

பாசிர் கூடாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் யோகேஸ்வரி, அங்கம்மாவின் மீன்குளத்தில் தண்ணீர் எடுக்க வந்தாள். முதல்நாள் திலாப்பியா மீன்கள் எல்லாம் செத்து மிதந்திருந்தன. மேட்டிலிருக்கும் உரக்கிடங்கின் கழிவுதான் என்றாள் அங்கம்மா. கிடங்குக்காரர்கள் ஆதாரம் கேட்டார்கள். மீனைக் கொல்லும் நைட்ரைட் குளத்தில் இருந்ததைக் காட்டினால் குளம் பிழைக்கும், இல்லையென்றால் மூடவேண்டியதுதான்.

யோகேஸ்வரி கொண்டுவந்தவை வெயில் புகும் வெள்ளை பாட்டில்கள். ஐஸ் பெட்டிக்குள் இருட்டுதானே என்று நினைத்தாள். பெட்டியை மூடிவிட்டு, அங்கம்மா போட்ட சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தபோது பெட்டி நிறைய அன்னாசி. பாட்டில்கள் குளக்கரையில் உச்சிவெயிலில் வரிசையாக நின்றன.

"வெறும் தண்ணிக்கு எதுக்கும்மா ஐஸு? பழம் சில்லுன்னு இருந்தாத்தான் லா நல்லாருக்கும்."

யோகேஸ்வரி நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வாள்? அங்கம்மாவின் கண்ணெதிரே மறுபடி தண்ணீர் எடுக்க மனம் வராமல், நாளைக்கு வரலாம் என்று கிளம்பினாள்.

3

விவரமான அங்கம்மா இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். அவளை மாற்றிப் பார்த்தேன்: வந்தவளை வெறுங்கையோடு அனுப்பும் அங்கம்மா. அது அங்கம்மாவே இல்லை.

சரி, வெயிலை மறைக்க ஒரு மேகத்தையாவது இறக்கலாம் என்று

இறக்கினேன். சாயங்காலம்தான் வந்தது. கொட்டிய மழையில் குளம் கரை வழிந்து, மறுபடி எடுக்கப் பழைய தண்ணீரே இல்லாமல் போனது. எழுத்தாளன் உதவி செய்தால் இந்த லட்சணம்தான்.

4

பாட்டிலில் நைட்ரைட் இருந்தது. பெட்டியை விட்டு வெளியே எடுத்தாயா என்று ஆய்வுக்கூட மேலாளர் லோகேஸ்வரன் கேட்டார். எடுக்கவில்லை என்று அவளைச் சொல்லவைக்க இரண்டு வரைவுகள் போட்டேன். இரண்டிலும் உண்மையையே சொன்னாள்.

"வெயில் செஞ்சது ஒரு சிட்டிகையா இருக்கலாம். ஆனா எவ்வளவுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாது. சோதனை செல்லாது.

5

முடிவு அ: நடந்ததை அங்கம்மாவிடம் சொல்கிறாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் வந்தாலும் பழம் நறுக்க அங்கம்மாவுக்குக் கை வராது.

முடிவு ஆ: வழியில் பாட்டில்களைத் தானே உடைத்துவிட்டதாக அங்கம்மாவிடம் பொய் சொல்கிறாள். அங்கம்மா அவளை மன்னிக்கமாட்

(இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. அங்கம்மா என்னைக் கேட்டா செய்கிறாள்?)

யோகேஸ்வரி எடுத்தாள். சோதனையைப் பற்றி அங்கம்மா உடனே கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் அதைக் கேட்பது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. முதலில் வேறொன்று கேட்டாள்.

"பழம் இனிச்சுச்சாம்மா?"

யோகேஸ்வரியின் பதிலை எழுதினேன், அடித்தேன். அங்கம்மா காத்திருக்கிறாள். போனை நீங்கள் பிடியுங்கள்.