கிளமெண்டுக்காக வேண்டிக்கொண்டவர்கள்

1.

இந்தக் கதை ஒரு காகிதத் தட்டிலிருந்து வந்தது. ஒரு ஞாயிறு சாயங்காலம், ஹால் கிடைக்குமா என்று விசாரிக்க டெல்லி துவாரகாவில் ஒரு சர்ச்சுக்குப் போயிருந்தேன். பின்பக்க வராந்தாவில் இரண்டு கதவுகள். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் கையில் கேசரித் தட்டோடு நின்று அழுதுகொண்டிருந்தார். சாப்பிடவுமில்லை, தட்டைக் கீழே வைக்கவுமில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கிளமெண்ட் ஒரு குடிகா—"

அடித்துவிட்டேன். ஒரு மனிதனைக் கதைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே இப்படியா ஏசுவது?

அடுத்த தொடக்கம்: "கிளமெண்ட் தங்கமான பையன். மயூர் விஹாரில் அவனைப் பிடிக்காதவர்களே—"

இதையும் அடித்தேன். அவன் மனைவி ரூபி படித்தால் சிரிப்பாள். [ரூபி நர்ஸ். வார்டில் குடித்துவிட்டு விழுந்தவர்களுக்குக் கட்டுப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருவன்.] ஆகவே அவள் வாயாலேயே தொடங்குகிறேன்.

"மாதா மேல நீங்க பண்ணுன சத்தியமெல்லாம் போதும். எனக்கு சத்தியம் வேண்டாம். குடிய விடுறவங்க கூடுற அந்த மீட்டிங்குக்குப் போங்க. போயிட்டு வந்தா கதவத் தொறக்கேன். இல்லன்னா நானும் பிள்ளையும் நாகர்கோவிலுக்குப் போயிருவோம்."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

3.

மயூர் விஹார் பக்கத்திலேயே ஒரு மீட்டிங் உண்டு. ஆனால் தெரிந்த தமிழர் யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? அதனால் டெல்லியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெட்ரோ ஏறினான். துவாரகா சர்ச்சின் வராந்தாவுக்கு வந்தால், ஒரு கதவுக்குப் பின்னால் ஹிந்தி கேட்கிறது, அதுதான் மீட்டிங். இன்னொன்றுக்குப் பின்னால் தமிழ்.

* டெல்லியில் வசிக்காதவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே தமிழ்க் குரல் கேட்டால் கால் தானாகத் திரும்பிவிடும். தமிழர்களுக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கும் அப்படித்தான்.

தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப்பார்த்தான். அந்தப் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்பியக் கூட்டம், வாராவாரம் கூடி ஜெபிக்கிறவர்கள். ஒருவரையும் தெரியாது. ஆனால் அதற்குள் அவர்கள் இவனைப் பார்த்துவிட்டார்கள்.

"தமிழா? உள்ள வாங்க தம்பி, ஏன் வெளிய நிக்கிய?" என்றாள் இருதயம்மாள், ரிட்டையரான டீச்சர். "பேரு என்ன?"

"கிறிஸ்துதாஸ்," என்றான். அது அவன் மாமனார் பெயர். அவசரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

4.

இங்கே அவனைக் கிளப்பி அடுத்த அறைக்கு அனுப்பத்தான் பார்த்தேன். எப்படி எழுதியும் போகமாட்டேன் என்கிறான். நாற்காலி போட்டிருக்கிறார்கள், எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார்கள், ஜெபமாலையில் ஒரு பகுதியை அவனையே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவனிடம் யாரும் இப்படி மரியாதையாகப் பேசி வெகுகாலம் ஆகிறது. எனக்கே மனசு வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்வது கேட்டது.

இந்தப் பக்கம், கடைசியில் அவரவர் வேண்டுதலைச் சொல்லும் நேரம். ஒருவருக்கு மகளின் விசா, ஒருத்திக்கு மூட்டுவலி. அவன் முறை வந்தது.

"ஒரு ஃப்ரெண்டு... குடிப்பான். விட முடியல. அவனுக்காக."

"பேரச் சொல்லுங்க தம்பி. பேரு சொல்லித்தான வேண்டணும்."

[எந்தப் பெயரை வேண்டுமானாலும் அவன் சொல்லியிருக்கலாம். நானும் இரண்டு பெயர் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.]

"கிளமெண்ட்."

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். முன்பின் தெரியாத கிளமெண்டுக்காகவும் அவனை நம்பியிருப்பவர்களுக்காகவும் உருகி வேண்டினார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் வேண்டினான். தன் பெயரை இத்தனை பேர் இவ்வளவு பிரியமாகச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அது யாரோ ஒருவனுடைய பெயர் என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

5.

சில முடிவுகள்:

(அ) அடுத்த கதவைத் தட்டுகிறான். ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். முடிந்துவிட்டது பாய் சாப், அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார் ஹிந்தியில்.

(ஆ) மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், விளக்கெரியும் அந்தக் கடை வாசலில்— (மாட்டேன். இதை நான் எழுதமாட்டேன்.)

(இ) ரூபியிடம் "போனேன்" என்கிறான். அவள் நம்பிக் கதவைத் திறக்கிறாள். மூன்றிலும் எனக்கு அதிகப் பயம் இதில்தான்.

ஆகவே அவனை வராந்தாவிலேயே நிறுத்துகிறேன். இருதயம்மாள் வெளியே வந்து கேசரித் தட்டை அவன் கையில் வைக்கிறாள்.

"கிறிஸ்துதாஸ் தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழம அந்தக் கிளமெண்டயும் கூட்டிட்டு வாங்க. பக்கத்து ரூம்ல அவங்களுக்குன்னே மீட்டிங் நடக்கு. கூச்சப்பட்டான்னா நீங்களும் கூடப் போய் உக்காருங்க. பாவம், தனியா விடாதீங்க."

(அவளுக்குத் தெரிந்திருந்தது என்று ஒரு வரி எழுதி அடித்தேன். தெரியாது என்றும் எழுதி அடித்தேன்.)

அவள் உள்ளே போய்விட்டாள். இப்போதுதான் அவன் அழுகிறான். சட்டைப்பையில் ஃபோன் அடிக்கிறது, ரூபிதான். எடுத்துப் பேசப்போவது கிறிஸ்துதாஸா, கிளமெண்டா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.