மரத்தடி முட்டை ஓடுகள்

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டோமே என்று லவினா மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது, பாமா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டின் மேல் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து, அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், பிளாஸ்க் நிறைய ராகிக் கஞ்சி.

ஓட்டம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இருவருக்கும் வைட்ஃபீல்டில் ஒரே கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குக் கம்பெனி ஒரே ஒரு பெண்ணை அனுப்பப்போகிறது. போகிறவளுக்கு வேலை நிரந்தரம். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பள்ளிக்கூட நாளில் மாவட்ட அளவில் ஓடியவள் பாமா. அவள் சொன்னதெல்லாம் லவினாவுக்கு வேதவாக்கு. "ஓடி முடிச்சதும் வாயில ஒண்ணும் போடக்கூடாது லவினா. பத்து மணி வரைக்கும் வெறும் தண்ணி. அப்பத்தான் ஒடம்பு லேசாகும்."

மூன்று மாதம் அப்படியே செய்தாள். உடம்பு லேசாகத்தான் ஆனது. கால்தான் நாளுக்கு நாள் கனத்தது. முதல் மாதம் பாமாவை முந்தியவள், இப்போது ஆறாவது கிலோமீட்டரிலேயே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினாள். எல்லாம் தன் சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த மரத்தடியில் தினமும் முட்டை ஓடு கிடக்கும். "குடிகாரப் பசங்க, தின்னுட்டு இங்கியே போட்டுட்டுப் போறானுங்க பாரு," என்று பாமாதான் முதலில் சொன்னாள். லவினாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

"ஏன்க்கா?"

பாமா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "லவினா... எனக்குப் பசி தாங்காதும்மா."

"எனக்கு மட்டும் தாங்குதா?"

பாமா தலையைக் குனிந்துகொண்டாள். "ஓடுன சூட்டோட தின்னாத்தான் மறுநாளைக்குக் கால் வரும். நீ என்னைவிட எட்டு வயசு சின்னவ. எனக்கு இதான் கடைசி சான்ஸ்."

கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனே என்று சொல்ல லவினா வாயெடுத்தாள். பொய் என்று தோன்றியதும் மூடிக்கொண்டாள்.

"குடிகாரப் பசங்கன்னு சொன்னியேக்கா. நானும் லூசு மாதிரி சிரிச்சேனே."

பாமா உரித்த முட்டையை டிபன் மூடியில் வைத்து நீட்டினாள். "சாப்டு. இன்னும் நாலு நாள் இருக்கு."

தட்டிவிடத்தான் லவினா கையை ஓங்கினாள். அதற்குள் வயிறு உறுமியது, இருவருக்கும் கேட்டது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. விரல்கள் அவளைக் கேட்காமலே மெல்ல விரிந்தன.