செல்வநாயகியின் கையெழுத்து

"வேண்டாமெண்டா வேண்டாம், அன்றூ. பூசை முடிய நேரே…"

"ரெண்டு நிமிசம் அம்மா. அந்த மனிசன் கேட்டது ரெண்டே ரெண்டு…"

"அப்பாவைக் கொண்டு நேரே சவக்காலைக்குப் போறம். பேச்சு கீச்சு ஒண்டும்…"

"ரெண்டு நிமிசம் கதைக்கத்தானே கேட்டவர். அப்பாவைப் பற்றி ஒராள் நல்லதாச் சொல்ல வாறார். அதைக் கேக்க உங்களுக்கு ஏன் வெக்கமாக் கிடக்கு?"

விக்ரோறியாவின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி மகனுடைய கறுப்புக் கழுத்துப்பட்டியின் மேல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது. கருகல் வாடை எழும்பிய பிறகுதான் தூக்கினாள்.

"பாருங்கோ, எரிச்சுப்போட்டியள்."

"உள்பக்கந்தான். கட்டினால் தெரியாது."

அன்றூ அதை வாங்கிக்கொண்டு குசினிக் கதவில் சாய்ந்து நின்றான். இருபத்தினாலு வயது. இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. "உங்களுக்கு அவற்ர அரசியல் எப்பவும் பிடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கையெழுத்தெல்லாம் வாங்கித் தந்தது நீங்கள்தானே. இருநூற்றிப் பதினாலு. அதில அறுபத்திமூண்டு சைவக்காரர். கட்சிக்காரர் பற்றிக் அதைத்தான் சொல்லப்போறாராம். அந்த அறுபத்திமூண்டு பேரைத்தானாம் கட்சி மகாநாட்டில எல்லாரும் திரும்பிப் பாத்தவை."

"அதைத்தான் சொல்லக்கூடாது எண்டுறன்."

"ஏன்?"

"அவையும் இண்டைக்கு எங்கட கோயிலுக்குப் பூசைக்கு வருவினம்."

"வரட்டும். கேக்கட்டும்."

விக்ரோறியா இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினாள். சுற்றி முடிந்ததும் அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மகன் போய்விட்டான்.

முன்னறையில் அவளுடைய கணவன் ஏர்னஸ்ட் நேற்றுப் பின்னேரத்திலிருந்து சவப்பெட்டிக்குள் கிடந்தார். வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகக் காரைப் பின்னுக்கு எடுத்தவர் பாதியில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார். ஹோர்ன் நிற்காமல் அடித்தது. ஏசுவதற்கென்று வெளியே வந்த பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர்தான் கதவைத் திறந்து அவரைத் தூக்கினார். ஐம்பத்தாறு வயது. வரும் சனிக்கிழமை தேர்தல். அவர் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த தேர்தல்.

ஏர்னஸ்ட் சனிக்கிழமைகளில் கருக்கலைப்புக் கிளினிக் வாசலில் செபமாலையோடு நிற்கிற நாலைந்து பேரில் ஒருவர். கத்தமாட்டார். உள்ளே போகிற பெண்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார். "அதுகளுக்கு என்ன கஸ்டமோ. நான் அதுகளோட சண்டைக்கு வரேல்லை" என்பார். எண்பத்தேழில், யாழ்ப்பாணத்தில், ஊரடங்குக்குள் பிறந்து மூன்று நாள் மட்டும் இருந்த கடைசி மகளுக்கு அவர் பேர் வைத்துத்தான் அடக்கம் செய்தார். "மூண்டு நாள் இருந்தாலும் ஆள் ஆள்தான். பிறக்க முன்னமும் ஆள்தான்." அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கியதில்லை.

குடியேறிய இந்த நாட்டில் இந்த வருடம் புதுத் தேர்தல் முறை, சின்னக் கட்சிகளும் பாராளுமன்றம் போகலாம் என்றார்கள். வேர்ஹவுஸ் வேலை முடிந்து வந்து, அகராதியும் கையுமாக இருந்து, ஐந்து கட்சிகளின் கொள்கைப் புத்தகங்களையும் வாசித்தார். பிடித்த கட்சியில் எல்லாம் இருந்தது, பிறக்காத பிள்ளையைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. கிளைத் தலைவர் பற்றிக், ஓய்வுபெற்ற தபால்காரர், சொன்னாராம்: "ஓகஸ்ட் மகாநாட்டில்தான் முடிவு. உங்கள் ஆட்களிடமிருந்து கையெழுத்துக் கொண்டுவாருங்கள்."

"எங்கட ஆக்கள் எண்டா வேதக்காரர் மட்டுமில்லை விக்ரோறியா. சைவக்காரரிட்டையும் போவம். உயிரை மதிக்கிற சனம்." கையெழுத்துத் தாளில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தன் கையால் ஒரு தாளில் எழுதினார்: பிறக்காத பிள்ளையின் உயிரையும் சட்டம் காக்க வேண்டும் என்று கட்சி தன் கொள்கையில் எழுதக் கேட்கிறோம். "இதை வாசிக்கக் குடு. வாசிக்காத ஒருத்தரிட்டையும் வாங்காதை."

படியேறக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால் அவர் காருக்குள் இருப்பார். விக்ரோறியா கையெழுத்துத் தாள் செருகிய மட்டையும் பேனையுமாக இறங்குவாள்.

யூலை மாதத்து மழை. அன்றைக்குப் பன்னிரண்டு வீடு ஏறினாள். பன்னிரண்டிலும் இல்லை. "அக்கா, இது வீட்டுக்குள்ள கதை. பேப்பரில எழுதிற கதையில்லை" என்றாள் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற இன்னொருத்தி தாளை முழுக்க வாசித்து, மடித்து, மரியாதையாகத் திருப்பித் தந்தாள். "நான் பாக்கிறதை நீங்கள் பாத்தனீங்கள் எண்டா உங்களுக்கும் கை வராது." ஒவ்வொரு முறையும் காருக்குத் திரும்ப, ஏர்னஸ்ட் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கேட்பார்: "போட்டினமே?" அவருக்கு அன்றைக்கு இருமல்.

பதின்மூன்றாவது வீடு செல்வநாயகியினுடையது. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். மனுசி தனிய. மட்டையைக் கண்டதும் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"பிள்ளை, இது என்ர பார்த்தீபனை இஞ்ச எடுக்கிறதுக்கோ? விசாப் பேப்பரோ?"

பார்த்தீபன் வவுனியா முகாமில் இருந்தான். தாய் அவனை ஆறு வருடமாகக் காணவில்லை.

விக்ரோறியா திரும்பிக் காரைப் பார்த்தாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"ஓம் அக்கா," என்றாள்.

அந்த ஒரு ஓம். தமிழ்த் தாள் கைப்பைக்குள்ளேயே இருந்தது. செல்வநாயகி கையைச் சீலையில் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில், தமிழில், கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்கு நிறுத்தி எழுதினாள். பிறகு அவளே ரெலிபோனில் எல்லாருக்கும் சொன்னாள். அடுத்த கிழமையிலிருந்து சனம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டது. தம்பிக்கு, மாமிக்கு, கொழும்பில் லொட்ஜில் கிடக்கிற மருமகனுக்கு. விக்ரோறியா ஓம் என்றுகூடச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மட்டையை நீட்டினால் போதும்.

ஏர்னஸ்ட் காருக்குள் இருந்து எண்ணுவார். அறுபத்திமூன்று ஆனபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தியே? நான் சொன்னனான்தானே, எங்கட சனத்தை."

அவள் ஸீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைக்க, குசினிப் பின்கதவை யாரோ தட்டினார்கள். செல்வநாயகிதான். வெள்ளைச் சீலை, காலில் சப்பாத்து, கையில் துவாயால் கட்டிய பெரிய சட்டி.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டமாட்டியள் எண்டு இடியப்பமும் சொதியும் கொண்டந்தனான். உங்கட முறையில மீன் மச்சம் பறுவாயில்லையோ தெரியாது, இது சைவந்தான். அந்தப் பொடியனைச் சாப்பிடச் சொல்லு. முகம் காஞ்சுபோச்சு."

"ஏனக்கா சுமந்துகொண்டு… நடந்தோ வந்தனீங்கள்?"

"உதில இருந்து உதுக்கு என்ன. உன்ர மனிசன் எனக்காக நடந்ததை விடவோ?" சட்டியை மேசையில் வைத்துவிட்டு விக்ரோறியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போன செவ்வாய்க்கிழமை வந்தவரெல்லோ. சொல்லியிருப்பாரே."

"ஆர் வந்தது?"

"ஏர்னஸ்ட் தம்பிதான். தனிய. அந்த நாலு படியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்கு நன்றி சொல்ல எண்டு வந்தார். நான் கும்பிட்டு, என்ர பிள்ளையின்ர விசயம் எந்த மட்டில நிக்குது தம்பி எண்டு கேட்டன். அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை, முதல். 'நீங்கள் என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டனீங்கள்' எண்டு என்னட்டைத் திருப்பிக் கேக்கிறார். பகிடி விடுறார் எண்டு நினைச்சன். பார்த்தீபனுக்குத்தானே தம்பி எண்டன்."

விக்ரோறியா மணிக்கட்டை இழுக்கவில்லை.

"பிறகு கதிரையில இருந்தார். தேத்தண்ணி வைச்சுக் குடுத்தன், ஆறிப்போச்சு. கனநேரத்தால பொக்கற்றில இருந்து கொப்பியை எடுத்து, பிள்ளையின்ர முழுப் பேர், பிறந்த திகதி, முகாமின்ர பேர் எல்லாம் கேட்டு எழுதினார். 'நான் இதை விசாரிக்கிறன் அக்கா' எண்டார். போகேக்க வாசலில நிண்டு என்னைக் கும்பிட்டார் பிள்ளை. வேதக்காரர், என்னைக் கும்பிட்டார். இனி அதை ஆர் பாப்பினம்?"

செவ்வாய்க்கிழமை. அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பைகளைத் தானே கழுவினார். "நீ போய்ப் படு விக்ரோறியா" என்றார். புதன்கிழமையும் அப்படியே. அவருக்குக் களைப்பு என்று அவள் நினைத்தாள். அந்த இரண்டு நாளும் அவர் அவளை ஏசாமல், கேட்காமல், கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். அவளாகச் சொல்லட்டும் என்று பார்த்தாரோ? இல்லை, அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத்தான் கூச்சமாக இருந்ததோ?

"அக்கா, இருங்கோ," என்றாள். கதிரையில் தொங்கிய கைப்பையைத் திறந்தாள். கைலேஞ்சிக்கும் திறப்புக்கோர்வைக்கும் கீழே, நாலாய் மடித்த தாள் கிடந்தது. மடிப்பு நைந்து, ஒரு மூலை கிழிந்திருந்தது. "உங்களுக்கு ஒண்டு வாசிக்கத் தரவேணும்."

"கண்ணாடி கொண்டரேல்லையே. என்ன அது, நீயே வாசியன்."

விக்ரோறியா தாளை விரித்தாள். ஏர்னஸ்ட்டின் சாய்ந்த எழுத்து. முதல் சொல்லுக்கு வாய் போனது.

"அம்மா, பற்றிக் வந்திட்டார்," என்று அன்றூ உள்ளே எட்டிப் பார்த்தான். "கெதியா வாங்கோ. கார் வர இன்னும் கால் மணித்தியாலந்தான் இருக்கு."

"நீ போ பிள்ளை. வந்த ஆக்களைப் பார்," என்றாள் செல்வநாயகி. "நான் இதை மூடி வைச்சுப்போட்டு வாறன்."

பற்றிக் முன்னறையில் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் பழுப்பு உறை. அவளைக் கண்டதும் தலையைக் குனிந்தார். மெதுவான ஆங்கிலத்தில், அவளுக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் பேசுவதை நீங்கள் விரும்பவில்லை என்று மகன் சொன்னான். சரி, பேசவில்லை. ஆனால் இதைத் தரவேண்டும். புதன்கிழமை ஏர்னஸ்ட் எனக்குப் போன் எடுத்தார். கையெழுத்துத் தாள்கள் எல்லாம் தனக்குத் திரும்ப வேண்டும் என்றார். ஒன்றும் விடாமல். கொள்கைப் புத்தகமே அச்சாகிவிட்டது, நீங்கள் கேட்டது நாலாம் பக்கத்தில் இருக்கிறது, இனி எதற்கு என்று கேட்டேன். 'என்றாலும் வேண்டும்' என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஞாபகத்துக்கு வைத்திருக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னேன்." கையிலிருந்த உறையைப் பார்த்தார். "அன்றைக்கே வந்திருக்கலாம்."

அன்றூ தாயைப் பார்த்தான். "பெட்டிக்குள்ள வைப்பமே அம்மா? அவர் கேட்டதுதானே. இதுக்கும் வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. ஆனால் பெட்டியை மூடினால் தாள்களும் சேர்ந்து போய்விடும், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்து, உடம்பு முழுக்க ஆறுதலாகிவிட்டது. கணவனின் பிரேதத்துக்கு முன்னால் நின்று தனக்கு ஆறுதல் வந்ததை அவள் உணர்ந்தாள். காது மடல் வரைக்கும் சூடேறியது.

"வையுங்கோ," என்றாள்.

பற்றிக் உறையைப் பிரித்தார். தாள்களைப் புரட்டி ஒன்றைத் தேடி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். "உங்கள் தமிழ் எழுத்தில் இருப்பது இது ஒன்றுதான். அது அவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும்." அந்தத் தாள்களை ஏர்னஸ்ட்டின் விரல்களுக்குக் கீழே செருகி, செபமாலையை ஒதுக்கி நேராக்கினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு பின்னுக்குப் போனார்.

விக்ரோறியா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். கையில் இன்னும் அந்த நைந்த தாள். மடித்தாள். இன்னும் ஒருமுறை மடித்தாள். அதற்கு மேல் மடிக்க வரவில்லை.

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சனம் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்துவிட்டு விலகியது. கடைசியாகச் செல்வநாயகி வந்தாள். சப்பாத்தைக் குசினியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தாள். பின்வளவில் பிடுங்கிய மஞ்சள் பூ நாலு கையில் இருந்தது. அவற்றை வைக்க இடம் பார்த்துக் குனிந்தவள், அப்படியே நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். கண்ணாடி இல்லாமலும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்து அது.

பூவைப் பிடித்திருந்த கையால் செபமாலையின் ஒரு மணியை மெல்ல விலக்கினாள். பிறகு நிமிர்ந்து, இறந்தவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போலச் சின்னக் குரலில் கேட்டாள்.

"பிள்ளை, இது நான் போட்ட கையெழுத்தெல்லோ? இன்னும் அனுப்பேல்லையோ?"