உள்ளே எத்தனை பேர்

செருப்பைப் பார்த்திருக்க வேண்டும், எப்போதும் பார்ப்பேனே, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அந்த நீல ரப்பர் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயையே திறப்பேன், இன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை, இப்போது செருப்பு பொட்டலம் என்கிற நாயின் வாயில் இருக்கிறது, கதவு சாத்திக்கொண்டுவிட்டது, உள்பக்கம் பிடியே இல்லாத கதவு... வெளியிலிருந்து யாராவது திருகினால் ஒரு நொடியில் திறந்துவிடும், ஆனால் வெளியில் யார் இருக்கிறார்கள்? இந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் மூன்று உயிரும், நானும் இரண்டு நாய்களும், இந்தக் குளியலறைக்குள்தான் நிற்கிறோம், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு. பிடி கழன்று விழுந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் உள்ள லிஃப்ட் கதவையெல்லாம் திறந்துவிடுகிற அப்பா, தன் வீட்டுக் குளியலறைக் கதவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்கிறார், அதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்துபோனது. பொட்டலம் செருப்பை என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டுகிறது, நான் தொலைத்த எதையோ கண்டுபிடித்துக் கொடுத்ததுபோல. மூத்தவரான மேனேஜர் கதவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி கதவைப் பார்க்கிறார். இதற்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் விடமாட்டார் போலிருக்கிறது.

மணி என்ன இருக்கும், மூன்றரை? ஐந்து மணிக்குத் தையல்காரம்மா வருவார், இவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோக. யாரை என்று நான்தான் சொல்ல வேண்டும். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா, இந்த வாரத்தோடு இங்கே ஒரு நாய்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார், அவருடைய மூன்றாவது ஜோடிச் செருப்பில் இடது கால் காணாமல் போன அன்று. பொட்டலம் எதையும் ஜோடியாக எடுக்காது, ஒற்றைதான், மிச்சம் வைக்கும் நல்ல குணம் அதற்கு. தையல்காரம்மாவின் கடைப் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்களாம், எந்த நாயானாலும் சரி, குலைத்தால் போதும் என்றாராம். காலையில் அப்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அதைச் சொன்னார், என்னிடம் இல்லை, மேனேஜரிடம். "மேனேஜர், அஞ்சு மணிக்கு அந்தம்மா வருவாங்க. எதைக் கொடுக்கறதுன்னு மேடத்தையே முடிவு பண்ணிக்கச் சொல்லு." நான் பொட்டலத்தைப் பார்த்து, "பொட்டலம், சரின்னு சொல்லிடு" என்றேன். வேறென்ன சொல்வது? இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தங்களில் ஒருவரை அனுப்புகிற பேச்சு என்று தெரியாமல், இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துக்கொண்டன.

எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வோம், இரண்டு வருடமாக. நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார், அல்லது நான் நிறுத்தினேனா, யார் முதலில் என்று இப்போது இருவருக்குமே தெரியாது. அம்மா இருந்திருந்தால் நடுவில் பேசியிருப்பாள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததென்று மூன்று மாதத்துக்குப் போனவள், அந்தப் பிள்ளை இப்போது ஓடுகிறது, விழுகிறது, எழுந்து மறுபடி ஓடுகிறது, அதன் பின்னாலேயே அம்மாவும் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதம்போல வீட்டில் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள் காலையில் அப்பா எதையோ தேடினார், பீரோவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், கடைசியில் நாயின் முன்னால் போய் நின்றார். "மேனேஜர், இந்த வீட்ல ஒருத்தருக்கு என் டார்ச் எங்க இருக்குன்னு தெரியும். அவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?" மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிட்டார். நான் அவரிடமே சொன்னேன், ஃபிரிட்ஜுக்கு மேல. அன்றிலிருந்து இப்படி. ஆனால் மேனேஜர் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்ததில்லை, நான் வாயைத் திறந்தால் பாதியில் எழுந்துபோய்விடுவார், அவர் அப்பாவின் ஆள். அதை அப்பா கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் கிடந்தது என்று செய்தித்தாளில் பொட்டலமாகச் சுருட்டி எதையோ கொண்டுவந்தார், கருவிப் பைக்குள்ளிருந்து எடுத்து என் முன்னால் தரையில் வைத்தார், காகிதத்துக்குள்ளிருந்து வெள்ளைப் பாதம் ஒன்று நீண்டது. "மேனேஜர், இது மேடத்துக்கு. சொல்லிடு." வந்த வேகத்தில் அந்தக் குட்டி தன்னைச் சுற்றியிருந்த காகிதத்தையே தின்றது.

நுரையையாவது கழுவிவிடலாம். இந்தா, நில், ஆட்டாதே... எல்லாவற்றையும் என்மேல் உதறியாகிவிட்டது. மேனேஜருக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், இத்தனை வருடம் உழைத்ததற்கு இதுதான் மரியாதையா என்பதுபோல. எதற்கு இருவரையும் குளிப்பாட்ட வந்தேன், ஒருவர்தானே போகப்போகிறார்? முடிவு செய்துவிட்டிருந்தால் ஒருவரோடு முடிந்திருக்கும், இப்படி மாட்டிக்கொண்டும் இருக்கமாட்டேன். ஆணியில் வார் தொங்குகிறது, வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழுத்து வார், காலையிலிருந்து நான்கு தடவை பொட்டலத்துக்குக் கட்டி நான்கு தடவை மேனேஜருக்கு மாற்றிவிட்டேன். மேனேஜருக்கு வயதாகிவிட்டது, "சாப்பிடுங்க சார்" என்று அப்பா சொன்னால்தான் தட்டில் வாய் வைப்பார், தையல்காரம்மாவுக்கு அதெல்லாம் தெரியுமா? பொட்டலம் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும், ஒரு வாரத்தில் அங்கே இருக்கிற எல்லோருடைய இடது செருப்பையும் கொண்டுவந்து குவித்துவிடும், என்னை மறந்துவிடும்... மறந்துவிடுமா? சரி, பொட்டலத்தையே அனுப்பினால் நான் யாரிடம் சொல்வேன், குழம்பு இருக்கிறது, மழை வரும்போல இருக்கிறது, கொடியில் துணி காய்கிறது என்றெல்லாம்? மேனேஜரை அனுப்பினால் அப்பா யாரிடம் கேட்பார்? ஒரு நாயை வைத்துக்கொண்டு இருவரும் மாற்றி மாற்றிப் பேச முடியுமா, ஒரே ஃபோனை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள்போல?

பஸ் சத்தம். அப்படியென்றால் நாலேகால். தினமும் இந்த நேரத்தில் பள்ளிக்கூட பஸ் முனையில் நிற்கும், மேனேஜர் ஒரே ஒரு தடவை குலைப்பார், வருகைப் பதிவு. குளியலறைக்குள்ளேயும் விடவில்லை, குலைத்துவிட்டார், நானும் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பஸ் போகும்வரை. அந்தப் பஸ்ஸில் நான் கடைசியாக இறங்கிய நாள், பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார்கள், எட்டே வரி, எழுந்து நின்றேன், எழுத்து தெரிந்தது, வாய் திறந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. வர்றப்போ படிக்கட்டும், நிக்கட்டும் என்றார் டீச்சர். மணி அடித்தது, அவர் போய்விட்டார், அடுத்து வந்த கணக்கு சார் ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டு என்னை அப்படியே நிற்க விட்டார், அதற்கடுத்து வந்தவரும். உட்காரலாமா என்று கேட்பதற்கும் அதே சத்தம்தானே வேண்டும்? மறுநாள் வயிற்றுவலி, அதற்கு மறுநாளும். அப்பா ஒரு வாரம் சத்தம் போட்டார். பிறகு ஒரு மாலையில் நான் அறைக் கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டேன், அவர் வெளியில் வந்து நின்றது கதவுக்கு அடியில் தெரிந்த நிழலில் தெரிந்தது, நான் தலையணையை மடித்து இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டேன், கண் திறந்து பார்த்தபோது நிழல் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் மூன்று மணி நேரம் வெளியில் நின்று பேசுகிறவர். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், "போனதும் கதவுல கைய வெக்கக்கூடாது. முதல்ல, உள்ள எத்தனை பேரு இருக்கீங்கன்னு கேக்கணும். நமக்கே தெரிஞ்சிருந்தாலும் கேக்கணும். எண்ணறதுக்கு மூச்சு வேணுமில்ல, அப்பத்தான் மூச்சு விடுவாங்க." அவ்வளவு தெரிந்தவர் எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அதை நினைத்து நினைத்துத்தான்...

கதவைத் தட்டுகிறார்கள். வாசல் கதவு. இரண்டு நாய்களும் ஒரே நேரத்தில் குலைக்க, இந்தச் சின்ன அறைக்குள் காது அடைத்துப்போகிறது, பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள்... வாசல் பக்கம் இருக்கும் காற்றுத் துவாரத்தின் வழியாக எல்லாம் கேட்கிறது.

"வீட்ல யாருமில்லையா?"

"இருக்கும், இருக்கும். நல்லாத் தட்டுங்க." மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா. "அந்தப் பொண்ணு வாயத் திறக்காது. அதுக்கும் சேத்துத்தான் இதுங்க ரெண்டும் குலைக்குது."

"ஐயோ பாவம். பேச வராதா?"

"பேச வராமலா? நாய்கிட்ட பேசுமே. அவங்கப்பாவும் நாய்கிட்டதான் பேசுவாரு. நடுவுல அதுங்க ரெண்டும் தலைய ஆட்டிட்டு உக்காந்திருக்கும். நான் படியில நின்னு பாத்திருக்கேன், சினிமா கெட்டது போங்க."

"இதுல எதைத் தர்றாங்களாம்?"

"எதையாவது பிடிச்சிட்டுப் போங்க. என் காலுக்கு ஒரு ஜோடியாவது மிஞ்சட்டும்."

இப்போது கூப்பிட்டால் போதும், நான் உள்ளே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை, மாடியில் மாற்றுச் சாவி இருக்கிறது, அடுத்த நிமிடம் கதவு திறந்துவிடும். வாயைத் திறந்தேன். அதேதான், எட்டு வரி, எழுத்து தெரிகிறது. "பொட்டலம், சொல்லு" என்றேன், அதுகூடக் காற்றாகத்தான் வந்தது, பொட்டலம் என்னைப் பார்த்துவிட்டுக் காற்றுத் துவாரத்தைப் பார்த்துக் குலைத்தது, சொல்லிவிட்டது, அவர்களுக்குத்தான் புரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, இந்த நேரத்தில். "அவங்கப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டுப் போறேன், எனக்குக் கடையில வேலை கிடக்கு" என்றது தையல்காரம்மாவின் குரல். கேட் சத்தம். போய்விட்டார். தப்பித்தோம் என்று முதலில் தோன்றியது, தப்பித்தது யார் என்று பிறகு தோன்றியது. நாளைக்கு வருவார், இல்லாவிட்டால் நாளன்றைக்கு.

ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் நெடுநேரம் யோசித்து, பக்கத்தில் வந்து, தன் ஈர முதுகை என் முதுகில் சாய்த்துக்கொண்டார். எனக்கு இப்படிச் செய்ததே இல்லை, அப்பாவுக்குத்தான் செய்வார், குளிருகிறதோ என்னவோ. பொட்டலம் ஆணியில் தொங்கிய வாரை இழுத்துப் போட்டுக்கொண்டு கடிக்கிறது, முன்காலால் ஒரு முனையை மிதித்துக்கொண்டு, கடைவாயில் வைத்து, மிகவும் கவனமாக. ஒரே வார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிடுங்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. நூல் பிரிகிறது, இன்னும் கொஞ்சம்தான்... வெளிச்சம் துவாரத்திலிருந்து சுவரில் ஏறி வாளிக்கு மேலே வந்துவிட்டது.

சாவி. அப்பாவின் சாவி, ஏழு மணிக்கு முன்னால் ஒருநாளும் கேட்காத சத்தம். கருவிப் பை தரையில் விழுகிறது, இரும்பெல்லாம் குலுங்குகிறது. "மேனேஜர்?" மேனேஜர் எழுந்து கதவைப் பார்த்து ஒரே குரல் கொடுக்கிறார். அவசர நடை, அறை, சமையலறை, இங்கே. கதவுக்கு அடியில் நிழல். வெளிப்பக்கத்துப் பிடி கிரீச்சென்று பாதி திரும்பி நிற்கிறது. ஏன் நிறுத்துகிறார்? ஒரு நொடி வேலை, திருகினால் திறந்துவிடும். ஓ... அவருக்குப் பேசுவதற்கு அந்தப் பக்கம் யாருமில்லை, இருவரும் என்னிடம் இருக்கிறார்கள்.

தொண்டையைச் செருமுகிறார். பிறகு நான் தோளிலிருந்து கேட்ட அதே குரலில், அவசரமில்லாமல்,

"உள்ள எத்தனை பேரு இருக்கீங்க?"

பொட்டலத்தைப் பார்க்கிறேன். வாய் நிறைய வார். மேனேஜர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எண்ணுகிறேன், தெரிந்ததுதான், இருந்தாலும் எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூச்சு உள்ளே போகிறது.

"மூணு பேருப்பா."

பிடி பாதித் திருகலிலேயே நிற்கிறது. என் குரல்தானா அது, கரகரவென்று, டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல... மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார், வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்வார், தெரியவில்லை. கதவுக்கு அடியில் அந்த நிழல் அசையாமல் இருக்கிறது, அன்றைக்கு இருந்ததுபோலவே. அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டிருப்பாரோ? ஒரு தடவையா, பத்துத் தடவையா, எவ்வளவு நேரம் நின்றாரோ... நான்தான் தலையணையை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டிருந்தேனே.