ஆரஞ்சுக் கொடி கட்டிய பஸ்

வினிதா ஏறிய பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அது அவளுடைய கம்பெனி பஸ் இல்லை என்று சொல்ல ஒருவரும் விழித்திருக்கவில்லை.

பூஞ்சேரி கூட்ரோட்டில் விடிகாலையில் வந்து நிற்பவை எல்லாமே வெள்ளை பஸ்கள். எந்தக் கம்பெனி என்பது முன்கண்ணாடியில் ஒட்டிய தாளில் இருக்கும். பிறவியிலேயே பார்வை மங்கிய வினிதாவுக்குத் தாள் தெரியும், எழுத்து தெரியாது. முதல் வாரம் அண்ணன் தீனா கூடவே வந்து ஏற்றிவிட்டான். இன்று அவன் கடலுக்குப் போய்விட்டான்.

மறைமலைநகரில் இறங்கி அட்டையை நீட்டியபோது காவலாளி சிரித்தார். "இன்னாம்மா, உன் கம்பெனி நாலு தெரு தள்ளிக் கீது."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது. பயிற்சிக் காலத்தில் தாமதமாக வந்த ஒருவனைப் போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பணியாளர் பிரிவு மேலாளர் லோகநாயகி கூப்பிட்டு அனுப்பினார். பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று சொல்லத்தான் ஆட்டோவில் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் அவள் ஏறியிருக்க வேண்டிய பஸ்ஸோ நேரத்துக்கே வந்து, வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"பஸ்ஸு மாறி ஏறிட்டேன் மேடம். போர்டு தெரியல. என் கண்ணு அவ்ளோதான்."

"சூப்பர்வைசர் சொன்னாரு, நீ கம்ப்யூட்டருக்கு முத்தம் குடுக்கறியாம். இன்டர்வியூல என்ன வசதி வேணும்னு கேட்டேன்ல? ஒண்ணும் வேணாம்னியே."

செங்கல்பட்டில் டிப்ளமா முடித்த கையோடு வினிதா இரண்டு கம்பெனிகளுக்குப் போயிருந்தாள். கண்ணைப் பற்றிச் சொல்லும்வரை இரண்டிலும் நல்ல பேச்சு. சொன்ன பிறகு, 'தகவல் அனுப்புறோம்.'

"சொன்ன எடத்துல வேல கெடைக்கல மேடம்."

"சரி. காலையில உன்னை ஏத்திவிட யாரையாவது அனுப்பறேன்."

"வேணாம் மேடம். அவங்க லீவு போட்டா நானும் லீவு போடணும்."

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு."

கடலில் விட்ட வலைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் மிதக்கும். தன்னுடையது எது என்று தெரிய, குப்பத்தில் ஒவ்வொருவரும் மிதவையில் ஒரு நிறக் கொடி கட்டுவார்கள். தீனாவுடையது ஆரஞ்சு. எழுத்துதான் அவளை ஏமாற்றும். நிறம் தூரத்திலேயே பிடிபடும்.

"பஸ்ஸுல ஒரு கொடி கட்டிக்கலாமா மேடம்?"

லோகநாயகி சிரிப்பை அடக்கிக்கொண்டு டிரைவர் தணிகைவேலுக்குப் போன் செய்தார். பிறகு வினிதாவிடம், "இன்னிக்கு லேட்டானத நான் பாத்துக்கறேன். நாளையிலேருந்து நீ பாத்துக்கணும்," என்றார்.

மறுநாள் தீனா கொடியோடு வந்து, பஸ் கண்ணாடிக் கம்பியில் இறுக்கிக் கட்டினான்.

"இன்னா தங்கச்சி, என் வண்டிய கட்சி வண்டி ஆக்கிட்ட," என்றார் தணிகைவேல். "வழியில எவனாச்சும் ஏறி பிரியாணி கேக்கப் போறான்."

அதற்கடுத்த நாள் தீனா வரவில்லை. கூட்ரோட்டில் வெள்ளை வெள்ளையாக பஸ்கள் வந்து நின்றன. வினிதா அசையவில்லை. கடைசியில் ஆரஞ்சு நிறம் ஒன்று அசைந்து அசைந்து வந்தது. நேராகப் போய் ஏறினாள்.

கம்பெனியில் இறங்கியதும் லோகநாயகியின் அறைக்கதவைத் தட்டினாள்.

"மேடம், அந்த கம்ப்யூட்டர்..."

"எழுத்தப் பெருசாக்கணும், அதானே? உள்ள வா."