மதினி ஒப்புக்கொடுத்த வலி

பிளாரன்ஸ் மதினி முட்டுவலி மாத்திரையைத் தொடவே இல்லன்னு டாக்டர் முன்னால வச்சுத்தான் எனக்குத் தெரியும். வந்துச்சே ஆத்திரம்! ஆஸ்பத்திரின்னும் பாக்காமக் கத்திட்டேன். "ஏன் மதினி, பூசை முடிஞ்சு எந்திரிக்க மாட்டாம பெஞ்சைப் புடிச்சிட்டு அழுதியளே, அது நடிப்பா?"

மதினி தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. "உங்க அண்ணனுக்காவ ஒப்புக்கொடுக்கேன், ஆனி."

பாஸ்கல் அண்ணன் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில போனவன், கடலோட போயிட்டான். உடம்பு கிடைக்கல. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாமச் செத்தவன், மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னால உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேகுதான், இங்கன நாம நம்ம வலியை ஒப்புக்கொடுத்தா அங்கன அவன் வேதனை குறையும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. பல்வலி வந்தாக்கூட அப்படித்தான் சொல்லுவாவ. அதுக்காவ நடக்க முடியாமப் போற அளவுக்கா விடுவா ஒருத்தி?

அனுசியா டாக்டர் எங்க வேதம் இல்ல, வேற மதம். ஆனாலும் சிரிக்கல. நாற்காலியை இழுத்து மதினி பக்கத்துல போட்டு உக்காந்தாவ. "முடிவு உங்களதும்மா. எல்லாத்தையும் கேட்டுட்டு எடுங்க"ன்னு ஒவ்வொண்ணாச் சொன்னாவ. தேய்ஞ்ச மூட்டு பழையபடி ஆகாது. ஆனா தொடைக்கு வலு கொடுக்கிற பயிற்சி செஞ்சா வலி குறையும், நடை தெளியும். மாத்திரை, ஊசியெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மாத்திரையை வயிறு, கிட்னி பாத்துத்தான் கொடுக்கணும். எதுக்கும் கேக்கலன்னா ஆபரேஷன். அதைச் செஞ்சவங்கள்ல நிறைய பேருக்கு முழங்கால் போட்டுச் செபிக்கக் கஷ்டமா இருக்கும்.

"ஆபரேஷனே பண்ணிருங்க"ன்னேன் நான்.

"ஏளா, முட்டு ஒனக்கா எனக்கா?" மதினி ஒரு அதட்டு போட்டாவ. பிறகு டாக்டரைப் பாத்து, "அந்தப் பயிற்சி வலிக்குமா, டாக்டரம்மா?"

"மொதல்ல கொஞ்சம் வலிக்கும். தாங்குற அளவுக்குச் செஞ்சாப் போதும். போகப்போகக் குறைஞ்சிரும்."

"அப்ப அதைச் செய்யுதேன். அந்த வலியை ஒப்புக்கொடுக்கேன்."

என் கோவமெல்லாம் எங்க போச்சோ, அழுகைதான் வந்துது. என் கூடப்பிறந்தவனுக்காவ இவ்வளவு நாளும் இந்த மனுஷி தனியா வலியைத் தாங்கிக்கிட்டு இருந்திருக்காவ.

வெளிய ஆட்டோவுக்கு நிக்கும்போது மதினி என் கையைப் புடிச்சாவ. முகத்துல அப்படியொரு பயம்.

"ஆனி, ஒரு நாள் வலி சுத்தமா நின்னு போச்சுன்னா? அதுக்குள்ள அவுக மோட்சம் போயிருவாவளா?"

எனக்கு என்ன தெரியும்?

"போயிருவான் மதினி"ன்னேன். "நீங்க பயிற்சியை ஒரு நாளும் விடாமச் செய்யுங்க."