நம்மளக் காட்ட மாட்டாங்க

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் தனியார் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து கிடைத்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த டி.வி.யில் பழைய காதல் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப மழ வரும் பாருங்க," என்றார் அவர். வந்தது.

"ரெண்டு பேரும் மோதிக்குவாங்க. அந்தப் புள்ள கையில இருக்கிற பொஸ்தகமெல்லாம் விழும்." விழுந்தன.

"எத்தன தடவ பாத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் படமா? இன்னைக்குத்தாங்க பாக்குறேன்."

பெயர் சுமன். நாற்பதை நெருங்கும் வயது. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. காலரை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது.

2

முதலில் கதையை இப்படித்தான் தொடங்கினேன்:

‘அட்டன் கடைவீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரஜிதா குடையை விரிக்கப்போன அந்த நொடியில் தரணிதரன்—’

வேண்டாம். அட்டனில் மழை பெய்தால் காதல் வரப்போகிறது என்று அர்த்தமில்லை. ஆனி மாதம் என்று அர்த்தம். ரஜிதாவும் தரணிதரனும் மோதிக்கொள்ளவும் இல்லை. அவன் அப்பாவின் ஜவுளிக்கடையில் அவள் ஒரு சேலை எடுத்தாள். சாயம் போகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அதற்கடுத்த முறை வந்தபோது அவள் கையில் சேலை எதுவும் இல்லை.

அப்போது அந்தக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்தான் சுமன். முதலாளி மகன் தரணிதரனுக்குச் சிநேகிதர். ரஜிதாவுடன் கூட வந்தவள் கேஷிகா, அதே தேயிலைத் தோட்டத்தில் அவளோடு வளர்ந்தவள். காதலர்கள் பேக்கரிக்குள் உட்கார்ந்து பேச, இவர்கள் இருவரும் வெளியே தகரக் கூரையின் கீழ் நின்று, தெரிந்தவர்கள் யாரும் வருகிறார்களா என்று காவல் பார்த்தார்கள்.

"படத்துல நான் ஃபிரண்டுங்க," என்றார் சுமன்.*

* இந்த வகைப் படங்களில் நண்பனுக்கு வீடு இருக்காது. எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பான்; ஆனால் அவனுக்குப் பசித்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாயகன் அழத் தோள் கொடுப்பான். அவன் அழுதால் கேமரா வேறு பக்கம் பார்க்கும்.

3

படங்களின் இலக்கணத்தைச் சுமன் படித்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். டிவிடி காலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வீரய்யா வீட்டு டி.வி.க்கு முன்னால் லயமே உட்காரும்; உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னலில் தொங்குவார்கள். முக்கால் படத்தில் கரண்ட் போகும்.

"சுமன், மிச்சத்தச் சொல்லுப்பா," என்பார் வீரய்யா.

சுமன் எழுந்து நின்று சொல்வார். சண்டை, பிரிவு, ஓட்டம், ரயில். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கரண்ட் திரும்பி வந்தால் பெரும்பாலும் அதேதான் நடக்கும். நடக்காவிட்டால், "சுமன் சொன்னதுதான் நல்லாருந்துச்சு" என்று கலைந்து போவார்கள்.

இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதை எழுதிப் பார்த்தேன். ‘அவர் முகத்தில் ஒரு—’ வரவில்லை. இப்போது லயத்தில் ஆளுக்கொரு ஃபோன், ஆளுக்கொரு படம் என்றார். குறைப்பட்டுக்கொள்ளவில்லை, சிரித்தார். சிரித்து முடித்ததும் மறுபடி காலரைச் சரிசெய்துகொண்டார்.

4

தரணிதரனுடையது நகரத்து வியாபாரக் குடும்பம். ரஜிதாவின் அம்மா பேச்சியம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இவளைக் கட்டப்போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லத் தரணிதரன் நல்ல நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தான். ரஜிதாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் நாயகன் ஓட வேண்டும். ஓடினான். சுமன் இரவல் வாங்கி வந்த ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொள்ள, இருவரும் இறங்கி ஸ்டேஷனுக்கு மூச்சிரைக்க ஓடினார்கள்.

ரயில் வரவேயில்லை. தலவாக்கலைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்திருந்தது. ரஜிதா பெஞ்சில் உட்கார்ந்து பேக்கரி ரோல்ஸ் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

படங்களில் ரயில் ஏன் எப்போதும் நகர்ந்துகொண்டேயிருக்கிறது என்று இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது. நின்றால் பேச வேண்டிவரும்.

"போகாத ரஜி," என்றான் தரணிதரன்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அப்பாவுக்கு இப்ப நேரம் சரியில்ல..."

அவள் ரோல்ஸ் சுற்றிய காகிதத்தைக் கசக்கினாள். கோபமில்லை. "ஓடி வந்ததுக்குப் பதிலா, பேசிட்டு நடந்து வந்திருக்கலாமேங்க."

மண்ணை அள்ளிப் பாதையைச் சரிசெய்து, பொழுது சாயும் நேரத்தில் ரயில் வந்தபோது, அவளுடைய பெட்டியை ஏற்றிவிட்டவன் தரணிதரன்தான்.

5

இந்தப் பேச்செல்லாம் தரணிதரன் பிறகு சொன்னது; சுமன் காதில் எதுவும் விழவில்லை. ஏனென்றால் அவர் பிளாட்ஃபாரத்தின் மறுமுனையில் நின்றார். வழியனுப்ப வந்திருந்த கேஷிகாவும் அங்கேதான் ஒதுங்கி நின்றாள்.

"இப்ப படத்துல என்னா நடக்குங்க?" என்று அவள் கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரையும் காட்டுவாங்க. நம்மளக் காட்ட மாட்டாங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"காட்டலன்னா, நம்ம என்னா வேணும்னாலும் பேசலாமே."

[இங்கே சுமனுக்குப் பல வசனங்கள் எழுதி அடித்துவிட்டேன். எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் அவற்றில் எதையும் அவர் பேசவில்லை.]

"ரயில் வர்ற மாதிரி சத்தம் கேக்குது," என்றார் சுமன்.

ரயில் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் இருவரும் சும்மாவே நின்றார்கள்.

6

தரணிதரன் வீட்டார் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். கெட்டவனில்லை, இன்றும் வீட்டு விசேஷங்களுக்குச் சுமனைக் கூப்பிட மறப்பதில்லை. ரஜிதா கொழும்பில் குடும்பமாகி நன்றாக இருக்கிறாள். சுமன் கொழும்புக்கும் அங்கிருந்து கட்டார் நாட்டுக்கும் போனார். இரண்டு ஊரிலும் துணிதான் மடித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேஷிகா தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். அவளுடைய அம்மா ராக்காயிக்கு நடமாட முடியாமல் போனது. வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் அம்மாவை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அவள் போகவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் அட்டன் பஸ் ஸ்டாண்டில் சுமனும் அவளும் எதிரெதிரே வந்தார்கள். (மோதிக்கொள்ளவில்லை.) இருவருக்கும் காதோரம் நரைத்திருந்தது.

"என்னாங்க, இன்னும் நம்மளக் காட்டலையா?" என்றாள் கேஷிகா.

அன்றிலிருந்து தனக்கு ஒழுங்கான தூக்கமில்லை என்றார் சுமன். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறார். ராக்காயி அம்மாவும் தங்களோடுதான் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்று அட்டனிலிருந்தே யோசித்துக்கொண்டு வருகிறாராம்.

7

டி.வி.யில் நாயகன் ஓடத் தொடங்கினான். சுமன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சார், எழுதுறவருன்னு சொன்னீங்களே. இந்த மாதிரி எடத்துல மொதல்ல என்னா சொல்லுவாங்க?"

எத்தனையோ காதலர்களுக்குப் பேச வசனம் கொடுத்தவன் நான். ‘இத்தனை வருஷமாக உங்களை—’ என்று வாயெடுத்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பஸ் நின்றது.

"பரவால்லீங்க," என்று எழுந்தார். "நானே சொல்லிக்கிறேன்."

இறங்கித் தேயிலைக்கு நடுவே போகும் படிகளில் ஏறினார். மேலே ஒரு வீட்டுக் கதவு திறந்தது. யார் வந்தது என்று தெரிவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

மறுநாள் அதே வழியாகத்தான் திரும்பினேன். இறங்கி விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. கதவைத் திறந்தவள் சிரித்ததாக ஒரு முடிவு எழுதினேன். ‘இவ்வளவு தாமதமா’ என்று அழுததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன், இரண்டிலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒன்று மட்டும்: அதில் அவரை யாருடைய நண்பனாகவும் போட்டுவிடாதீர்கள்.